அட்டாரி பங்க் கன்சோல்: சத்தத்தைக் கேட்டே பழுதைப் பிடிப்பது

வீட்டிலேயே ஒரு மின்னணு இசைக்கருவி செய்து பார்க்க நினைப்பவர்களில் பலர் முதலில் கைவைப்பது அட்டாரி பங்க் கன்சோலில்தான். இரண்டு 555 ஐசி (மின்துடிப்புகளை உண்டாக்கும் எட்டுக்கால் டைமர் சில்லு), இரண்டு குமிழ் (திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பொட்டென்ஷியோமீட்டர்), ஒரு ஸ்பீக்கர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் உதிரிப் பொருள்கள், அவ்வளவுதான். அமெரிக்கரான ஃபாரஸ்ட் மிம்ஸ் 1980-இல் வெளியிட்ட சுற்று இது. பழைய அட்டாரி வீடியோ கேம் போலச் சத்தம் போடுவதால் இந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. 555 ஐசி அதைவிடப் பழையது. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்ததை சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

சுற்று சின்னதுதான். ஆனாலும் முதல் முறை செய்யும்போது பலருக்கும் ஏதாவது ஒன்று இடறும். அப்போது எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் பொதுவான வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிடுங்கிவிட்டால் பழுதும் போய்விடும், எது பழுது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடும். இந்தக் கருவி தன் நோயைத் தானே சத்தமாகச் சொல்லும் கருவி. என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்பதை வைத்தே எந்தப் பாதியில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க: சரியான சுற்று

முதல் 555 ஓயாமல் துடிக்கும். 1ஆம் கால் தரைக்கு, அதாவது பேட்டரியின் மைனஸுக்கு. 4, 8 இரண்டும் பிளஸுக்கு. 2, 6 இரண்டும் இணைந்து, அங்கிருந்து 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாகத் தரைக்கு. 6இலிருந்து 7க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7இலிருந்து பிளஸுக்கு 500 கிலோ ஓம் குமிழும், அதோடு தொடராக இன்னொரு 1 கிலோ ஓமும். 3ஆம் காலில் வரும் துடிப்பு இரண்டாவது 555-இன் 2ஆம் காலுக்குப் போகிறது.

இரண்டாவது 555 ஒவ்வொரு முறை தூண்டப்படும்போதும் ஒரே ஒரு துடிப்பைத் தரும். அதில் 6, 7 இரண்டும் இணைந்திருக்கும், அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் தரைக்கு, 500 கிலோ ஓம் குமிழும் 1 கிலோ ஓமும் தொடராகப் பிளஸுக்கு. மற்றபடி 1, 4, 8 முதலாவது போலவே. 3ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஸ்பீக்கர். இரண்டு ஐசியிலும் 5ஆம் காலிலிருந்து தரைக்கு ஒரு 0.01 வைப்பது நல்லது.

இரண்டு 555 ஒன்றாக அடங்கிய 556 என்ற ஒரே ஐசியிலும் இதைச் செய்யலாம். ஆனால் முதல் தடவைக்கு இரண்டு தனி 555தான் என் சிபாரிசு. பழுது தேடும்போது இரண்டு பாதியும் கண்ணுக்கு முன்னால் தனித்தனியாக இருக்கும்.

ஒரு தேடு கம்பி செய்துகொள்ளுங்கள்

மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். அதற்கு அடுத்தபடியாக உதவுவது, காதால் தேடும் ஒரு கம்பி. ஆக்ஸ் உள்ளீடு உள்ள ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரை எடுத்து, அதன் ஒயரின் சிக்னல் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து நுனியை வெளியே விடுங்கள். தரை ஒயரை உங்கள் சுற்றின் தரையோடு சேர்த்துவிடுங்கள். இனி அந்த நுனியால் எந்தக் காலைத் தொட்டாலும் அங்கே ஓடுவது காதில் விழும். ஸ்பீக்கரின் ஒலி அளவைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். அதை வீட்டு மின்சாரத்தில் செருகிக்கொண்டு இந்த வேலையைச் செய்யவேண்டாம்.

சத்தமே இல்லை

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். முதலில் மின்சாரம். பேட்டரியைத் தனியாகக் கழற்றி அளந்தால் 9 என்று காட்டும், அதை நம்பாதீர்கள். சுற்று இணைந்திருக்கும் நிலையில், மீட்டர் நுனியை ஐசியின் 8ஆம் காலிலேயே வைத்து அளக்கவேண்டும். பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகையின்) துளையில் அல்ல, ஐசியின் காலில். அங்கே 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் பிரெட்போர்டின் ஓரப் பட்டையைப் பாருங்கள். பல போர்டுகளில் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டாகி இருக்கும். கோடு விட்டுப்போன இடத்தில் உள்ளே இருக்கும் உலோகமும் விட்டுப்போயிருக்கும். ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் சரியாகிவிடும்.

மின்சாரம் சரி என்றால் ஐசியின் திசை. வெட்டு உள்ள பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால் இடது மேல் மூலைதான் 1ஆம் கால். இந்தச் சுற்றில் ஒரு விசேஷம் உண்டு: 555-ஐத் தலைகீழாகச் செருகினால் 4உம் 8உம் இடம் மாறிக்கொள்ளும், இரண்டுமே பிளஸ் என்பதால் அந்த மாற்றம் வெளியே தெரியாது. 1ஆம் கால் மட்டும் தரையை இழந்துவிடும். ஆகவே ஐசி சூடாகாமல், புகையாமல் மௌனமாக இருக்கலாம். “சூடாகவில்லையே, அப்படியானால் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்” என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, முதல் பாதி துடிக்கிறதா? தேடு கம்பியால் முதல் ஐசியின் 3ஆம் காலைத் தொட்டு, முதல் குமிழை இரு பக்கமும் திருப்புங்கள். மெல்லிய, கூர்மையான சத்தம் கேட்கவேண்டும். கேட்டால் முதல் பாதி உயிரோடு இருக்கிறது. நேராக இரண்டாவது பாதிக்குப் போகலாம். கேட்கவில்லை என்றால், சேர்ந்திருக்கும் 2, 6 கால்களின் மின்னழுத்தத்தை மீட்டரில் பாருங்கள். இந்த ஒரு அளவு பல கேள்விகளுக்குப் பதில் தரும்.

நல்ல நிலையில் அந்தக் கெபாசிட்டர் பேட்டரி அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவே, அதாவது 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மீட்டரால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது, சராசரியாக 4.5 வோல்ட்டை ஒட்டி ஒரு எண்ணைக் காட்டும். அப்படிக் காட்டினால் முதல் ஐசி துடிக்கிறது, 3ஆம் காலின் ஒயரில்தான் சிக்கல். பூஜ்யத்தில் நின்றால் கெபாசிட்டருக்கு மின்சாரம் ஏறவில்லை: குமிழின் கால் விட்டிருக்கும், அல்லது 1 கிலோ ஓம்களில் ஒன்று பக்கத்து வரிசையில் செருகப்பட்டிருக்கும், அல்லது அந்த இடத்தில் தரையோடு ஷார்ட். 9க்குப் பக்கத்தில் நின்றால் ஏறியது இறங்க வழியில்லை. ஐசியின் 7ஆம் கால் துளைக்குள் போகாமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். புது ஐசியின் கால்கள் கொஞ்சம் அகன்றிருக்கும், அழுத்திச் செருகும்போது ஒன்று மடங்குவது சகஜம்.

கண்ணாலேயே பார்க்க ஆசையிருந்தால், அந்த 0.01-க்கு இணையாக ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தற்காலிகமாக வையுங்கள், மைனஸ் கால் தரைப்பக்கம். துடிப்பு ஆயிரம் மடங்கு மெதுவாகிவிடும். குமிழை அதிக ரெசிஸ்டன்ஸ் பக்கம் வைத்தால், மீட்டரில் எண் 3இலிருந்து மெல்ல 6 வரை ஏறிப் பட்டென்று விழுவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்க்கலாம். 555 எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் விளக்காது. பழுது இல்லாவிட்டாலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

இரண்டாவது பாதி. அதன் 2ஆம் காலில் தேடு கம்பியை வைத்தால் முதல் ஐசியின் அதே சத்தம் வரவேண்டும். வராவிட்டால் நடுவிலுள்ள ஒயர். வந்தும் 3ஆம் காலில் ஒன்றும் இல்லை என்றால், அந்த 3ஆம் கால் மேலேயே நிற்கிறதா, கீழேயே நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். 7.5 வோல்ட் அளவில் அசையாமல் நின்றால் ஐசி தூண்டப்பட்டுவிட்டது, ஆனால் 6, 7 கால்களின் கெபாசிட்டர் 6 வோல்ட்டைத் தொடவே இல்லை. இரண்டாவது குமிழின் இணைப்பைச் சோதியுங்கள். பூஜ்யத்தில் நின்றால் 4ஆம் கால் பிளஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 3ஆம் காலில் சத்தம் இருந்து ஸ்பீக்கரில் மட்டும் இல்லை என்றால், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஒரு 1.5 வோல்ட் செல்லில் சட்டென்று தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று வரவேண்டும்.

ஒரு குமிழ் மட்டும் வேலை செய்கிறது

குமிழைத் திருப்பினால் ஒன்றுமே மாறவில்லையா? அதன் இரண்டு ஓரக் கால்களில் மட்டும் ஒயர் போயிருக்கும். ஓரங்களுக்கு இடையே எப்போதும் 500 கிலோ ஓம்தான்; திருப்பினால் நகர்வது நடுக்காலின் தொடுமுனை. நடுக்காலையும் ஓரக் கால்களில் ஒன்றையும் பயன்படுத்துங்கள். திருப்பும் திசை தலைகீழாக இருந்தால் மற்ற ஓரத்துக்கு மாற்றினால் போதும்.

முதல் குமிழ் எதையும் செய்யவில்லை, ஆனால் ஸ்பீக்கரில் ஒரே மாதிரி ‘ர்ர்ர்’ என்று உறுமல் வருகிறது என்றால் அது உங்கள் கருவியின் சத்தமே அல்ல. இரண்டாவது ஐசியின் 2ஆம் கால் அந்தரத்தில் தொங்கி, வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரலைக் கிட்டே கொண்டுபோனால் உறுமல் மாறும். ஐசி நன்றாக இருக்கிறது, ஒயர்தான் விட்டிருக்கிறது.

இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. இரண்டாவது குமிழைத் திருப்பினால் சுரம் மாறவில்லை, நாதத்தின் தன்மை மட்டும் மெலிந்தும் தடித்தும் மாறுகிறது. கூடவே முதல் குமிழின் சத்தமும் எதிர்பார்த்ததைவிட வெகு கீழே, கடகடவென்று இருக்கிறது. அப்படியானால் 103, 104 கெபாசிட்டர்களை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். 103 என்றால் 0.01 மைக்ரோஃபாரட், 104 என்றால் 0.1. பொடி எழுத்து, மங்கலான அச்சு. ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வேண்டும்.

சுரம் வழுக்காமல் படி படியாகத் தாவுகிறது

இது பழுதே அல்ல. இந்தக் கருவியின் உயிரே இதுதான். ஆனால் வயலின் கமகம் போல வழுக்கும் என்று எதிர்பார்த்துச் செய்தவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக் கெபாசிட்டர்களை மாற்றிப் பார்ப்பார்கள்.

நடப்பது இது. இரண்டாவது ஐசி ஒரு துடிப்பைத் தந்துகொண்டிருக்கும்போது புதிதாக வரும் தூண்டலைக் கண்டுகொள்ளாது. அந்தத் துடிப்பின் நீளம் முதல் ஐசியின் ஒரு சுற்றைத் தாண்டிவிட்டால் இரண்டில் ஒரு தூண்டலுக்குத்தான் பதில் சொல்லும். இன்னும் நீண்டால் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. ஆகவே வெளியே வரும் அதிர்வெண் முதல் ஐசியின் அதிர்வெண்ணை 1, 2, 3, 4 என்ற முழு எண்களால் வகுத்ததாகவே இருக்கும்; நடுவில் எதுவும் இல்லை. முதல் சத்தத்தை ஸட்ஜமம் என்று வைத்துக்கொண்டால் இரண்டால் வகுத்தது ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜமம், நான்கால் வகுத்தது இரண்டு ஸ்தாயி கீழே. மூன்றால் வகுத்தது இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழும் சுத்த மத்யமம். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் படிகள் உடனே பிடிபடும். முதல் குமிழை அசைக்காமல் இரண்டாவதை மட்டும் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள்.

வழுக்கும் சுரம்தான் வேண்டும் என்றால் இரண்டாவது குமிழைக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் பக்கம் வைத்துவிட்டு முதல் குமிழைத் திருப்புங்கள்.

ஓரத்தில் ‘டிக் டிக்’ மட்டும் வருகிறது, அல்லது ஒன்றுமே கேட்கவில்லை

இதுவும் பெரும்பாலும் இயல்புதான். முதல் குமிழ் முழு 500 கிலோ ஓமில் இருந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 287 ஹெர்ட்ஸ். இரண்டாவது குமிழும் முழு அளவில் இருந்தால் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லிசெகண்ட் நீளும். பதினாறில் ஒரு தூண்டல்தான் பலிக்கும். நொடிக்கு 18 துடிப்பு. காது அதைச் சுரமாகக் கேட்காது, தட்டலாகக் கேட்கும். மறுபக்கம், இரண்டு குமிழையும் குறைந்த ரெசிஸ்டன்ஸுக்குத் தள்ளினால் சத்தம் 8, 9 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏறிக் கீச்சென்று ஊசியாகிவிடும். சின்ன ஸ்பீக்கரில் அது காணாமலும் போகலாம். ஐசியைச் சந்தேகிக்கும் முன் இரண்டு குமிழையும் நடுவில் வைத்துக் கேளுங்கள்.

ஐசி சூடாகிறது

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஆற விட்டுப் பிறகு யோசிக்கலாம்.

எப்போதும் சூடு என்றால் பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். அந்த ஐசி போயிருக்க வாய்ப்பு அதிகம், வேறொன்றை எடுத்துவிடுங்கள்.

முதல் குமிழை ஒரு ஓரத்துக்குத் திருப்பும்போது மட்டும் சூடாகிச் சத்தமும் நின்றால் காரணம் வேறு. சில வரைபடங்களில் குமிழ் நேராகப் பிளஸுக்கும் 7ஆம் காலுக்கும் நடுவே இருக்கும். குமிழ் பூஜ்யத்துக்கு வந்ததும் 7ஆம் கால் நேராகப் பிளஸில் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அதையே தரைக்கு இழுக்கும். கிட்டத்தட்ட ஷார்ட். மேலே குமிழோடு தொடராக ஒரு 1 கிலோ ஓமைச் சொன்னது இதற்காகத்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் சூடானால் வெளியீட்டுக் கெபாசிட்டர் இல்லை, அல்லது அது ஷார்ட் ஆகியிருக்கிறது. 555-க்கு 8 ஓம் ஸ்பீக்கர் கொஞ்சம் பாரம்தான். தொடராக 47 அல்லது 100 ஓம் போட்டால் ஒலி குறையும், ஆனால் பேட்டரியும் ஐசியும் நிம்மதியாக இருக்கும்.

சத்தம் தகரம் தட்டுவது போல மெலிந்திருக்கிறது

8 ஓம் ஸ்பீக்கரோடு 10 மைக்ரோஃபாரட் சேரும்போது ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக வெட்டுப்படும். 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். எல்லை 200 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பிறகு ஸ்பீக்கரை மேசையில் அம்மணமாகக் கிடத்தாமல் ஒரு பெட்டியில் துளையிட்டுப் பொருத்துங்கள். கெபாசிட்டரைவிட இந்தப் பெட்டிதான் பெரிய வித்தியாசம் செய்யும். ஸ்வீட் ஸ்டால் தகர டப்பாவும் நன்றாகவே பாடும்.

கரகரப்பு, இழுபறி, படிகள் தெளிவாக விழவில்லை

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழின் கார்பன் தடத்தில் தூசி. காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை திருப்புங்கள், அல்லது குமிழை மாற்றுங்கள்.

குமிழைத் தொடாதபோதும் சத்தம் நடுங்கி, ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே தத்தளித்தால், இரண்டு ஐசிகளும் மின்சாரப் பாதை வழியாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. சாதாரண 555 அதன் வெளியீடு நிலை மாறும் கணத்தில் மின்சாரத்தை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். சோர்ந்த பேட்டரியில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு ஐசியின் 8க்கும் 1க்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட், கால்களுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். பேட்டரி வந்து சேரும் இடத்தில் ஒரு 100 மைக்ரோஃபாரட். வரைபடங்களில் இந்த மூன்றையும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. இவை அலங்காரம் அல்ல.

ஆம்ப்ளிஃபையர் சேர்த்த பிறகு வந்த கோளாறுகள்

எல்.எம்.386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் ஐசியைச் சேர்ப்பவர்கள் முதலில் சந்திப்பது வெடித்துச் சிதறும் சத்தம். 555 தருவது ஏழெட்டு வோல்ட் சதுர அலை. 386 அதை இருபது மடங்காகப் பெருக்கப் பார்க்கும். அதற்கு முன்னால் 10 கிலோ ஓம் தொடராகவும் அதன் பின் 1 கிலோ ஓம் தரைக்குமாக வைத்துச் சத்தத்தைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்து, அங்கிருந்து ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் வழியாகக் கொடுங்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபையரிலோ ஹோம் தியேட்டரிலோ செருகினாலும் இந்தக் குறைப்பு அவசியம். 386-இன் 1க்கும் 8க்கும் நடுவே கெபாசிட்டர் போட்டால் பெருக்கம் 200 மடங்காகும், இந்தக் கருவிக்கு அது தேவையே இல்லை.

‘புட் புட் புட்’ என்று மோட்டார் படகு போலச் சத்தம் வந்தால் 386 தன் பேட்டரியையே ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதன் 6ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் நடுவே 220 மைக்ரோஃபாரட், 7ஆம் காலிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட். வெளியீட்டில் 5ஆம் காலிலிருந்து 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் தொடராகத் தரைக்கு வைத்தால் காதுக்கு எட்டாத உயர் அலைவும் அடங்கும்.

பிரெட்போர்டில் பாடியது, சால்டர் செய்ததும் ஊமையாகிவிட்டது

பெரும்பாலும் பாகங்கள் மீது தவறில்லை. பட்டை பட்டையாகச் செம்பு ஓடும் வெரோ போர்டு என்றால் ஐசியின் இரண்டு வரிசைக் கால்களுக்கும் நடுவே பட்டையை வெட்டினீர்களா என்று பாருங்கள். வெட்டாவிட்டால் 1உம் 8உம் ஒன்றாகிவிடும், அதாவது பேட்டரியே ஷார்ட். பேட்டரி இல்லாத நிலையில் மீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்து அடுத்தடுத்த கால்களைச் சோதியுங்கள். 555-இல் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ‘பீப்’ அடிக்கவேண்டிய இடம் இரண்டாவது ஐசியின் 6, 7 மட்டும்தான். மங்கலாக, உருண்டையாக நிற்கும் ஈயத்தை மறுபடி சூடாக்குங்கள். ஐசியை நேராகச் சால்டர் செய்யாமல் ஐசி பேஸ் வைத்துச் செய்தால் இந்தத் தேடலே பாதியாகக் குறையும்.

வாசிக்க வாசிக்கச் சுருதி நகர்கிறது

பேட்டரியைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் 555-இன் 1/3, 2/3 எல்லைகள் பேட்டரியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதன் பங்கு குறைவு. சந்தேகிக்கவேண்டியது முதல் ஐசியின் 0.01 கெபாசிட்டரை. மலிவான வட்டத் தட்டு செராமிக் வெப்பத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். அதை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். சுருதி மெல்ல நகர்ந்தால் அதுதான். அந்த இடத்தில் பாலியெஸ்டர் கெபாசிட்டர் போட்டுவிடுங்கள்.

குமிழுக்குப் பதில் எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர்) வைத்து, கை நிழலால் வாசிக்கும்படி செய்திருந்தால் இன்னொன்றும் உண்டு. பகல் வெளிச்சத்தில் சுத்தமாக இருக்கும் சுரம் ராத்திரி விளக்கடியில் சொரசொரப்பாகிவிடும். வீட்டு மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவு எல்டிஆருக்குத் தெரியும். பேட்டரி டார்ச் ஒன்றைக் கருவிக்கு மேலே நிறுத்தி, அந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். எல்டிஆருக்கும் அந்த 1 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டர் வேண்டும். பலமான வெளிச்சத்தில் அதன் ரெசிஸ்டன்ஸ் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும்.